கில்லாரனில் கடைசி ஆள்

கோயில் பங்கு அலுவலகம் புதன்கிழமை மட்டும்தான் திறந்திருக்கும். அதுவும் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. அதில் தேநீருக்கு இருபது நிமிடம் போகும். யாராவது பூசைக்குப் பெயர் கொடுக்க வந்துவிட்டால் அரட்டைக்கு அரை மணி. மிச்சம் இருக்கிற நேரத்தில்தான் செத்துப்போனவர்களைத் தேட வேண்டும்.

அட்ராக்டா டர்கன் பதினோராவது புதன்கிழமையாக அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். ஒரு காலத்தில் பங்குச் சாமியார் குடியிருந்த இரண்டு மாடி வீடு அது. இப்போது மூன்று பங்குகளுக்கும் ஒரே சாமியார், அவரும் பக்கத்து ஊரில் இருக்கிறார். முன்னறையில் ஒரு மேசை, ஒரு ஹீட்டர், ஒரு இரும்பு அலமாரி. அவற்றுக்குக் காவலாகக் கான்செப்டா. மற்ற அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. வெளியே மழை. மேயோ மாவட்டத்தில் நவம்பர் மாதம் மழை பெய்கிறது என்று சொல்வதே வீண்பேச்சு.

"மறுபடியும் வந்துட்டீங்களா?" என்றாள் கான்செப்டா, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போன வாரமே அந்த நோட்டை எடுத்துக் குடுத்திருந்தா நான் ஏன் வரப்போறேன்?"

"சாவி சாமியார்கிட்ட இருந்துச்சு. சாமியார் லூர்துக்கு யாத்திரை போயிருந்தாரு. சாவிக்காக நானும் லூர்துக்குப் போகணுமா?"

"அதுக்கு முந்தின வாரம்?"

"அதுக்கு முந்தின வாரம் எனக்குப் பல்வலி." கான்செப்டா ஊசியால் மேசையைத் தட்டினாள். "பேனாவை வெளிய வைங்க. பென்சில் மட்டும்தான்."

அட்ராக்டா பேனாவை எடுத்து வைத்தாள். ஐம்பத்தேழு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இருபத்திரண்டு வருடமாக நடமாடும் நூலக வண்டி ஓட்டுகிறவள் அவள். தாமதமாகப் புத்தகம் திருப்பித் தருகிற எத்தனையோ பேரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அந்தப் பொறுமையெல்லாம் இந்த இலையுதிர்காலத்தில் கரைந்துபோயிருந்தது.

எல்லாம் அப்பாவுக்காக. மாலக்கி டர்கனுக்கு எண்பத்தாறு வயது. முதியோர் இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு கிடக்கிறார். நுரையீரல் கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னைக் கில்லாரன் பழைய கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். புதுக் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று வாங்கிப் போட்ட இடம் பத்து வருடமாகக் காத்திருக்கிறது. அங்கே வேண்டாமாம். ஏன் என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அம்மா என்ன நினைப்பாள் என்று கேட்டபோது, "அவ புரிஞ்சுக்குவா, கண்ணு" என்று மட்டும் சொன்னார். அட்ராக்டாவுக்குப் புரியவில்லை. வலித்தது.

கில்லாரன் கல்லறையை 1932இலேயே மூடிவிட்டார்கள். அதில் இடம் வேண்டுமென்றால் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும் என்றான் கவுண்டி, அதாவது மாவட்ட அலுவலகத்தில் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபின்டன். ஒன்று, குடும்பம் கில்லாரனில் நிலம் வைத்திருந்தது. இரண்டு, ரத்த உறவு ஒருவர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். "வாய்ச்சொல் பத்தாது மிஸ் டர்கன். காகிதம் வேணும்." அவன் நல்ல பையன்தான். ஆனால் அவளுடைய விண்ணப்பத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தான். ஒரு தடவை நீல மையில் கையெழுத்துப் போட்டதற்காக.

நிலத்தை நிரூபிக்கவே ஏழு வாரம் ஆயிற்று. 1840களின் பெரும்பஞ்சத்துக்குப் பின் எடுத்த நில மதிப்பீட்டுப் புத்தகத்தில் கில்லாரனில் ஆன்டனி டர்கன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரே மலைச்சரிவில், ஒரே வருடத்தில், அடுத்தடுத்த வீடுகளில். குழப்பம் வரக்கூடாதென்று எழுதினவன் பட்டப்பெயரும் சேர்த்திருந்தான்: சிவப்பு ஆன்டனி, வெள்ளை ஆன்டனி, பேட் என்பவரின் மகன் ஆன்டனி. அவன் குழப்பம் தீர்ந்தது, இவள் குழப்பம் தொடங்கியது. அதற்கப்புறம் வந்த அதிகாரிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிற மையில் பெயர்களை அடித்து, மேலே வேறு பெயர் எழுதி, அதையும் அடித்திருந்தார்கள். பச்சை மையைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்று வாரம் ஓடினாள். அந்த ஆன்டனிக்கு எத்தனை ஆடு என்பதுவரை தெரிந்துகொண்ட பிறகுதான், அவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர், தன் ஆளே இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினாள். கடைசியில் ஞானஸ்நானப் பதிவில் இருந்த ஞானத்தாய்களின் பெயர்களை வைத்து, தன்னுடையவர் சிவப்பு ஆன்டனி என்று பிடித்துவிட்டாள்.

அடக்கம்தான் மிச்சம். அங்கேதான் முட்டி நின்றாள்.

அப்பாவின் அத்தை சபைனா அங்கேதான் அடக்கமாகியிருக்கிறாள் என்று அப்பா சத்தியம் செய்தார். அரசாங்கப் பதிவேட்டில் அவள் சாவு இருந்தது: சபைனா டர்கன், பத்தொன்பது வயது, காசநோய், 1932 பிப்ரவரி. எங்கே புதைத்தார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. கோயில் பதிவேடுகளில் பிறப்பு உண்டு, கல்யாணம் உண்டு. அடக்கத்தை எழுதிவைக்கிற பழக்கம் இந்தப் பக்கத்துச் சாமியார்களுக்கு இருந்ததேயில்லை. ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாய் யார், ஞானத்தந்தை யார் என்றெல்லாம் லத்தீனில் அழகாக எழுதியவர்களுக்கு, கடைசியில் அந்த ஆளை எங்கே போட்டோம் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. ஒரே ஒரு உதவிச் சாமியார் மட்டும் நான்கு வருடம் ஒரு நோட்டில் குறித்து வைத்தாராம். அந்த நோட்டுக்காகத்தான் லூர்தும் பல்வலியும்.

கான்செப்டா அலமாரியைத் திறந்து, கறுப்பு அட்டை போட்ட மெல்லிய நோட்டை அவள் முன்னால் வைத்தாள். "பாத்துத் திருப்புங்க. நான் டீ போடப்போறேன்" என்று பின்கட்டுக்குப் போனாள்.

அட்ராக்டா நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். சாய்ந்த, அவசரக் கையெழுத்து. கடைசி வரி: ஜேம்ஸ் பாரெட், கில்லாரன், வயது 71, பிப்ரவரி 11.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெள்ளைத் தாள்.

அடுத்த பக்கம் பார்த்தாள். அதற்கடுத்த பக்கம் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை நகத்தால் பிரித்துப் பார்த்தாள். பின்னட்டை வரை எல்லாமே காலி. பதினோரு வாரம். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம்தான். அந்த உதவிச் சாமியார் உயிரோடு எதிரில் நின்றிருந்தால் நோட்டை மூஞ்சியிலேயே எறிந்திருப்பாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

இரும்புப் பிடி ஒன்று அதன் வளையத்தில் உரசுகிற சத்தம். கிறீச். பிறகு தண்ணீர் தளும்புகிற சத்தம். மறுபடியும் கிறீச். யாரோ நிறைந்த வாளியைச் சுமந்துகொண்டு, பூட்டிக் கிடக்கும் பின்னறைகள் பக்கமிருந்து நடைவழியில் வந்துகொண்டிருந்தார்கள்.

"கூரை ஒழுகுதா கான்செப்டா?" என்று குரல் கொடுத்தாள்.

பின்கட்டிலிருந்து டீக்கோப்பைகள் மோதும் சத்தம் வந்தது.

நடை நின்றது. வாளியைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு மூச்சு. இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு, நடுவே ஒரு சளிக் கரகரப்பு. அப்பாவின் மூச்சு இப்படித்தான் இருக்கும். ஆனால் இது அப்பாவுடையதைவிட இளையது.

கை மாற்றிக்கொண்டதுபோல் வாளி மறுபடியும் கிளம்பியது.

ஹீட்டருக்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் சில்லிட்டது. அறைக்குள் ஒரு வாசனை வந்தது. மழை வாசனை இல்லை. ஆழத் தோண்டிய குழியின் பக்கவாட்டிலிருந்து வருமே, அந்தக் களிமண் வாசனை.

சத்தம் அறை வாசலுக்கு வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை. கண்ணை நோட்டின் மேலேயே பதித்து வைத்துக்கொண்டாள்.

ஜேம்ஸ் பாரெட்டின் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

சபைனா டர்கன், கில்லாரன், வயது 19. அதே நாள். பிந்தி.

சாய்ந்த கையெழுத்து இல்லை. பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி எழுதிப் பழகிய பெண்பிள்ளையின் உருண்டைக் கையெழுத்து. அட்ராக்டா கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் பழுப்பு மை ஒட்டியது.

கத்தியிருக்க வேண்டும். நோட்டைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பதினோரு புதன்கிழமைகளின் எரிச்சல் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. யார் எழுதினால் என்ன.

குனிந்து, அந்த வரி காயும்வரை மெல்ல ஊதினாள்.

நிமிர்ந்தபோது வாசலில் யாருமில்லை. கான்செப்டா தட்டோடு வந்துகொண்டிருந்தாள். "நடையில யாரு தண்ணியைக் கொட்டினது? வட்டமா ஈரம் நிக்குது. வழுக்கி விழுந்திருப்பேன்."

"கூரை ஒழுகுதோ என்னமோ."

"மேல மாடி இருக்கு. எப்படி ஒழுகும்?" கான்செப்டா நோட்டை எட்டிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தாள். "இருக்கா? நான் போன மாசமே பாத்தேனே, பாரெட்டோட முடிஞ்சு போச்சேன்னு. சரி, என் கண்ணாடியை மாத்தணும்."

"நகல் எடுத்து முத்திரை போட்டுக் குடுங்க" என்றாள் அட்ராக்டா, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியபடி.

ஒன்பதாம் நாள் கவுண்டி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாலக்கி டர்கனுக்கு அனுமதி. கீழே ஒரு நிபந்தனை: தோட்டத்தில் இனி இடமில்லாததால் இதுவே இறுதி அடக்கம், இதற்குப் பின் எவருக்கும் அனுமதியில்லை. அட்ராக்டா சமையலறையில் நின்றபடியே அதை நான்கு தடவை படித்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக அன்றைக்குப் பசித்தது. இரண்டு முட்டையும் ஒரு துண்டு பன்றிக்கறியும் பொரித்துச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை நண்பகல் இடத்தைப் பார்க்கப் போனாள். கில்லாரனில் இப்போது ஆள் இருக்கிற ஒரே வீடு ஜார்லத் பாரெட்டினுடையது. அவருக்கு எழுபது வயது. கல்லறையைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலமெல்லாம் அவருடையது. குழி வெட்டப் பக்கத்து ஊர் ஆட்களோடு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். இடுப்புயரக் கற்சுவர், துருப்பிடித்த இரும்புக் கதவு, உள்ளே புல்லுக்குள் பெயரில்லாத கற்கள். அவற்றில் ஒன்றைப் பூட்ஸ் நுனியால் காட்டினார் ஜார்லத்.

"அதான் உங்க சபைனா. நாங்க சின்ன வயசுல அந்தக் கல்லுமேல ஏறக்கூடாதும்பாங்க."

"அப்ப உங்களுக்கெல்லாம் தெரியுமா? காகிதத்துல தேடித்தேடி நான் பைத்தியமாகிட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ காகிதம் கேட்டே. என்கிட்ட எங்க இருக்கு காகிதம்?" ஜார்லத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஏம்மா, உங்கப்பா உன்கிட்ட அந்தக் கதையைச் சொல்லவேயில்லையா?"

"எந்தக் கதை?"

"ஒரே நாள்ல ரெண்டு சாவு ஊர்வலம். எங்க தாத்தாவோட அண்ணன் ஜேம்ஸ் ஒரு பக்கம், உங்க சபைனா இன்னொரு பக்கம். கடைசியா உள்ள வர்றவங்கதான் அடுத்த ஆள் வர்ற வரைக்கும் இங்க காவல் இருக்கணும். இங்க படுத்திருக்கிற அத்தனை பேருக்கும், மோட்சத்துக்குக் காத்துக்கிட்டு உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு, தாகம் தீர்க்கத் தண்ணி சுமக்கணும். இது இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதனால ரெண்டு ஊர்வலமும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. குதிரைப் பந்தயம் எல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது."

"சவப்பெட்டியைத் தூக்கிட்டா?"

"தூக்கிட்டுத்தான். கதவுப் பக்கம் உங்க ஆளுங்கதான் முதல்ல வந்தாங்களாம். அங்க ஒருத்தர் கால் வழுக்கி விழுந்துட்டாரு. அந்த ஒரு நிமிஷத்துல எங்க ஆளுங்க பெட்டியை இந்தச் சுவத்துக்கு மேல தூக்கி உள்ள போட்டுட்டாங்க. ஜேம்ஸுக்கு வலிச்சிருக்காது." சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை. "சாமியார் எங்ககூட வந்து மந்திரிச்சாரு. நல்ல மழை. உடனே குதிரை ஏறிட்டாரு. உங்க சபைனாவுக்கு நின்னு மந்திரிக்கவும் இல்ல, எழுதி வெக்கவும் இல்ல. அடுத்த மாசமே அரசாங்கம் கதவை மூடிடுச்சு. அப்புறம் ஒரு ஆள் கூட வரல."

அட்ராக்டா அந்தக் கல்லைப் பார்த்தாள். பங்கு அலுவலக நடைவழியில் கேட்ட மூச்சு நினைவுக்கு வந்தது. கைமாற்றிக்கொண்ட வாளியும்.

"எண்பத்தேழு வருஷம்" என்றாள்.

"ஆமா."

"நீங்க இதை நம்புறீங்களா?"

"நம்பறதாவது" என்றார் ஜார்லத். தன் வீட்டுப் பக்கம் பார்த்தபடி, "எங்க கிணத்துல ராத்திரி வாளி இறங்குற சத்தம் கேக்கும். எங்க வீட்டுல யாரும் எழுந்து போய்ப் பாக்கறதில்ல. அவ்வளவுதான்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்கப்பா வந்தா அவளை விடுவிச்சிடுவாரு, சரி. உங்கப்பாவை விடுவிக்க யாரு வருவா?"

இறுதி அடக்கம் என்ற கடிதம் அவள் கோட்டுப் பைக்குள் இருந்தது.

முதியோர் இல்லத்துக்கு வண்டியை எப்படி ஓட்டிப் போனாள் என்பது அவளுக்கு நினைவில்லை. அப்பா விழித்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே நின்றாள்.

"தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

மாலக்கி மகளின் பூட்ஸில் இருந்த கில்லாரன் சேற்றைப் பார்த்தார். "ஜார்லத் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டானே" என்றார்.

"பதினோரு வாரம் அப்பா. மூணு ஆன்டனியையும் நான் கட்டிக்கிட்டு அழுதேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சிரிச்சிருப்பே. இல்லேன்னா அழுதுட்டு மறுத்திருப்பே." குழாய்க்குள் காற்று சீறியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவர் காத்திருந்தார். "வழுக்கி விழுந்தது எங்கப்பாதான். பெட்டியோட முன்மூலை அவர் தோள்ல. தங்கச்சி பெட்டி. சாகற வரைக்கும் அந்த ஒரு நிமிஷத்தையே சொல்லிட்டு இருந்தார். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது கில்லாரனுக்குக் கூட்டிட்டுப் போனார். சுவத்துக்கு வெளிப்பக்கம் நின்னோம். அவ வாளியைக் கீழ வெச்சு மூச்சு வாங்கறதை நான் கேட்டேன் கண்ணு. பத்தொம்பது வயசுப் பொண்ணு. நெஞ்சு நோவுக்காரி."

"உங்களுக்கு மட்டும் நெஞ்சு இருக்கா? ரெண்டு அடி நடக்க முடியல உங்களால."

"போன பிறகு சரியாயிடும்."

"சரியாகலேன்னா? உங்களுக்கப்புறம் யாரும் வர முடியாது. எழுதிக் குடுத்துட்டாங்க. இதான் கடைசின்னு."

மாலக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. "யாரும் வர வேணாம். நீ வராதே. நீ உங்கம்மா பக்கத்துல படு, என் இடத்துல. எனக்கு வாக்குக் குடு."

அவளுக்கு ஒரு வழி இருந்தது. அந்த வரி ஈரமாக இருந்தது, தானேதான் ஊதிக் காயவைத்தேன் என்று ஃபின்டனிடம் சொன்னால் போதும், அனுமதி ரத்தாகிவிடும். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குவார். கில்லாரனில் அந்தப் பெண் இன்னும் எண்பத்தேழு வருடம் சுமப்பாள். அட்ராக்டா அன்று ராத்திரி முழுக்க யோசித்தாள். மறுநாள் யோசித்தாள். சொல்லவில்லை. அப்பாவின் ஆசை என்பது ஒரு காரணம். இத்தனை பாடுபட்டு வாங்கிய காகிதத்தைத் தன் கையாலேயே கிழிக்க மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணம், அதைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வியாழக்கிழமை விடியற்காலையில் மாலக்கி இறந்தார்.

சனிக்கிழமை அடக்கம். யாரும் ஓடவில்லை, ஓடுவதற்கு இன்னொரு ஊர்வலம் இல்லை. ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவு வழியாக நிதானமாக வந்தார்கள், ஜார்லத் வலது முன்மூலையில். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஜெபமாலை சொல்லி முடித்தார்கள். அட்ராக்டா ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போட்டாள்.

சபைனாவின் கல் பக்கமிருந்து ஒரு சத்தம்.

இரும்பு வாளி ஒன்றைக் கல்லின்மேல் வைக்கிற சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு, நீளமாக, தடையில்லாமல்.

ஜார்லத் தொப்பியை எடுத்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் எடுத்தார்கள். அந்தக் கல்லைச் சுற்றியிருந்த புல் மட்டும் கொஞ்சம் அசைந்தது, காற்று இல்லாமலேயே. அட்ராக்டா வாய்விட்டு அழுதாள். மூன்று மாதத்தில் முதல் அழுகை. நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று அந்தச் சமயத்தில் அவள் முழுமனதோடு நம்பினாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நூலக வண்டியை ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஃபின்டன்.

"மிஸ் டர்கன், உங்க ரெண்டாவது விண்ணப்பம் வந்து சேர்ந்துச்சு. நானே கூப்பிட்டுச் சொல்லணும்னு நினைச்சேன்."

"எந்த விண்ணப்பம்?"

"கில்லாரனுக்கு. இந்தத் தடவை உங்களுக்காகப் போட்டிருக்கீங்களே."

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். "நான் எதுவும் போடல."

"உங்க பேருதான் இருக்கு. அட்ராக்டா டர்கன், பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்கு. பத்து வருஷமா இந்த வேலை பாக்கறேன், ஒரு குறைகூட இல்லாத விண்ணப்பத்தை இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கறேன். திருப்பி அனுப்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கல, போங்க."

"அங்க இடமே இல்லைன்னீங்க. இதான் கடைசின்னு எழுதிக் குடுத்தீங்க."

"அதான் எனக்கும் புரியல. இன்னிக்கு வரைபடத்தை எடுத்துப் பாத்தா உங்கப்பாவுக்குப் பக்கத்துல ஒரு இடம் காலின்னு தெளிவா இருக்கு. போன மாசம் நான் எப்படிப் பாக்காம விட்டேனோ. எப்படியோ, அனுமதி போட்டாச்சு. எப்ப வேணும்னாலும் நீங்க..." அவன் சட்டென்று நிறுத்தினான். தான் என்ன சொல்கிறோம் என்பது அவனுக்கே உறைத்தது போலும். "மன்னிச்சுக்குங்க. அவசரமில்ல."

மதியமணி அடித்தது. பிள்ளைகள் வண்டியை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அட்ராக்டா கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"உறவினர் சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணுமே. யார் போட்டிருக்கா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்கவில்லை. ஈரத் தாள் மேசையிலிருந்து உரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"மாலக்கி டர்கன்" என்று படித்தான் ஃபின்டன். "தேதி, போன வெள்ளிக்கிழமை." அவன் குரல் ரகசியம் போலத் தணிந்தது. "மிஸ் டர்கன், உங்கப்பா..."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"வேணாமே."

"படிங்க, ஃபின்டன்."

அவன் படித்தான்.

"'வாளி ரொம்பக் கனமா இருக்கு, கண்ணு.'"